கேபினெட் மாடிங்: முதல் முறை வாங்குபவர்களுக்குக் கருவியும் விளக்கும்

கம்ப்யூட்டர் கேபினெட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே விளக்குப் போட வேண்டும் என்று மாடிங்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ரோட்டரி டூல், அதாவது சிறு டிஸ்க், பிட் மாட்டி அதிவேகமாகச் சுற்றும் கை மெஷின். கூடவே இருநூறு உதிரிகள் அடுக்கிய ஒரு பெட்டி. அந்த இருநூறில் இந்த வேலைக்கு உதவுவது பத்துகூடத் தேறாது. வேலை முடிந்த கேபினெட்டைப் பார்ப்பவர் கண் போவது இரண்டே இடங்களுக்கு: வெட்டிய விளிம்பு, விளக்கு விழும் விதம். அதனால் மெஷினுக்குச் சற்றுக் குறைவாகவும், அரம், பிரைமர், பீடிங் (விளிம்பை மூடும் ரப்பர் பட்டை), டிஃப்யூசர் (வெளிச்சத்தைப் பரப்பும் மூடி) ஆகியவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகவும் பணம் ஒதுக்குங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. காரணங்கள் கீழே.

கடைக்குப் போகும் முன் கையில் உள்ள கேபினெட் எது என்று பாருங்கள். சாதாரண ஸ்டீல் கேபினெட்டின் தகடு 0.5 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். தகட்டின்மேல் மெல்லிய துத்தநாகப் பூச்சு, அதற்கும் மேலே பெயின்ட். 0.5 மி.மீ. தகடு வெட்டும்போது அதிரும், வளையும், 0.8 அடக்கமாக வெட்டுப்படும். பக்கவாட்டில் கண்ணாடியோடு வரும் புது மாடல்களில் அந்தக் கண்ணாடி டெம்பர்டு வகை. அதைத் துளைக்கவோ அறுக்கவோ எந்தக் கருவியும் வாங்காதீர்கள். டைமண்ட் பிட் வைத்தாலும் மேல் அடுக்கைத் தாண்டி இறங்கியதும் மொத்தக் கண்ணாடியும் பொடித் துண்டுகளாக உதிர்ந்துவிடும். முதல் வேலைக்குக் காயலாங்கடையில் கிடைக்கும் பழைய ஸ்டீல் கேபினெட்தான் சரியான பொருள்.

ரோட்டரி டூல்: மெஷினைவிட டிஸ்க் முக்கியம்

டிரெமல் 3000 என்பது 130 வாட் மெஷின். நிமிடத்துக்கு 10,000 முதல் 33,000 சுற்று. அதன் மேல்நிலை மாடலான 4000, 175 வாட். 5,000 முதல் 35,000 சுற்று. அழுத்தம் கூடினாலும் வேகம் விழாமல் பிடித்துக்கொள்ளும் வசதி 4000-இல் உண்டு. கேபினெட் தகட்டுக்கு 3000 தாராளமாகப் போதும். 4000-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் அந்த 5,000 சுற்றுக்குத்தான்: முன்பக்க பிளாஸ்டிக் முகப்பையும் அக்ரிலிக்கையும் 10,000 சுற்றில் தொட்டால் வெட்டுப்படுவதற்குப் பதில் உருகி, டிஸ்கின் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் கை வைக்கும் எண்ணம் இல்லையென்றால் 3000 வாங்கி, மிச்சத்தை டிஸ்கில் போடுங்கள்.

பெயர் தெரியாத மலிவு மெஷின்களும் ஓடும். ஆனால் கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். 3.2 மி.மீ. தண்டுள்ள ஒரு பிட்டை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு முனையைக் கவனியுங்கள். முனை ஒரே புள்ளியாக நின்றால் வாங்கலாம். பட்டையாக விரிந்து தெரிந்தால் காலெட் (பிட்டைக் கவ்வும் பிடி) நேராக இல்லை. அந்த மெஷினில் எந்த டிஸ்க் போட்டாலும் தள்ளாடி உடையும்.

பெட்டியோடு வரும் 24 மி.மீ. அகல டிஸ்குகளில் பெரும்பாலானவை 0.6 மி.மீ. தடிமன்தான். பக்கவாட்டில் துளி அழுத்தம் பட்டாலும் நொறுங்கிப் பறக்கும். ஒரு ஜன்னலின் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் இதில் பல காலியாகும். ஃபைபர் வலை பொதிந்த டிஸ்க் வாங்குங்கள்: டிரெமல் வரிசையில் 32 மி.மீ. அளவுள்ள 426, அல்லது 38 மி.மீ. அளவுள்ள எஸ்சி456. எஸ்சி வகைக்கு எஸ்சி402 என்ற தனித் தண்டு தேவை. அதை மறந்துவிட்டு டிஸ்க் மட்டும் வாங்கினால் மாட்ட முடியாது. டிஸ்க் தேயத் தேய விளிம்பு வேகம் குறையும், வெட்டும் திறனும் குறையும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டுவதுதான் பலரும் செய்வது. அழுத்தினால் தகடு சூடாகி, வெட்டுக்கு இருபுறமும் பெயின்ட் கொப்பளிக்கும். டிஸ்கை மாற்றுவதே வழி.

வெட்டும் முறை இப்படி: தகட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டடுக்கு ஒட்டி, அதன்மேல் கோடு போடுங்கள். டேப் இரண்டு வேலை செய்யும்: கோடு தெளிவாகத் தெரியும், டிஸ்க் வழுக்கினால் பெயின்ட் தப்பும். முதல் ஓட்டத்தில் கோட்டை ஒட்டி ஆழமில்லாத ஒரு பள்ளம் மட்டும். அந்தப் பள்ளம் அடுத்த ஓட்டத்தில் டிஸ்கை வழி விலகாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஓட்டங்களில் தகடு தானாகப் பிரியும். கோட்டுக்கு உள்ளே 1 மி.மீ. விட்டு வெட்டுங்கள், மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். மெஷினின் உடம்பு கையில் சுட ஆரம்பித்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம்: ரோட்டரி டூல் நேர்கோட்டுக்கு மட்டும். தட்டையான டிஸ்கால் வளைவு வெட்ட முடியாது. ஃபேன் துளையை அதில் போட முயன்றால் வட்டம் பலகோணமாகத்தான் வரும். அதைத் தேய்த்துத் திருத்த ஆகும் நேரத்தில் வேறு கருவியால் இரண்டு துளை போட்டுவிடலாம்.

நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் வீட்டிலேயே இருக்கிறதே, அதில் வெட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டும். ஆனால் 0.7 மி.மீ. தகட்டுக்கு அது மிதமிஞ்சிய பலம்: ஒரு நொடி கை நகர்ந்தால் கோடு தாண்டி இரண்டு அங்குலம் போய்விடும், பெயின்டும் அகலமாகக் கருகும். முதல் வேலைக்கு வேண்டாம்.

வட்டத் துளைகள்

120 மி.மீ. ஃபேனின் திருகுத் துளைகள் 105 மி.மீ. சதுரத்தில் அமையும், 140-க்கு 124.5, 92-க்கு 82.5, 80-க்கு 71.5 மி.மீ. இந்த எண்களைக் கொண்டு காகிதத்தில் அச்சு எடுத்து, தகட்டில் ஒட்டிக் குறியிட்டால் ஃபேனைப் பிடித்துக்கொண்டு பேனாவால் சுற்றி வரையும் தொல்லை இருக்காது. 120 ஃபேனுக்கு 114 மி.மீ. பைமெட்டல் ஹோல் சா (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) பொருந்தும். துளை விளிம்புக்கும் திருகு மையத்துக்கும் இடையே 17 மி.மீ. மிஞ்சுவதால் மூலைகள் பலவீனப்படாது.

ஹோல் சா கையில் பிடிக்கும் டிரில்லில் ஆபத்தான கருவி. பல் ஒன்று மெல்லிய தகட்டைக் கவ்விக்கொண்டால் டிரில் மணிக்கட்டோடு சேர்த்துத் திருகும். தகட்டுக்கு அடியில் பிளைவுட் வைத்து, சுற்றிலும் சி கிளாம்பால் இறுக்கி, ஹேமர் மோடை அணைத்து, டிரிக்கரை மெல்லத் தொட்டு மிகக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாத டிரில்லில் இந்த அளவை மாட்டவே கூடாது. அதோடு 114 மி.மீ. ஹோல் சா விலை அதிகம், வேறு வேலைக்கு உதவாது. மூன்று துளைக்கு மேல் போடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஒரே ஒரு துளை என்றால் ஜிக்சா (மேலும் கீழும் ஓடும் ரம்பம்) அல்லது நிப்ளர் (தகட்டைக் கடித்து வெட்டும் கருவி). ஜிக்சாவுக்குப் பாஷ் டி118ஜி பிளேடு: 0.5 முதல் 1.5 மி.மீ. தகட்டுக்கென்றே பல் மிக நெருக்கமாக அமைந்தது. கடைக்காரர் டி118ஏ எடுத்துக் கொடுப்பார். அது 1 முதல் 3 மி.மீ. வரைக்கானது, மெல்லிய தகட்டில் பல் மாட்டிக்கொண்டு தகட்டையே தூக்கி அடிக்கும். ஜிக்சாவின் அடித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் பெயின்டில் கீறல் விழாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கை நிப்ளரைத்தான் பரிந்துரைக்கிறோம். சுமார் 12 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதில் தலையை நுழைத்து, சிறிது சிறிதாகக் கடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். சத்தமில்லை, தீப்பொறியில்லை, பெயின்ட் கருகாது, தகடும் நெளியாது. கை வலிக்கும், அரை நாள் எடுக்கும். கீழே விழும் சிறு துணுக்குகள் ஊசியாகக் குத்தும், வெறுங்காலில் நடக்க வேண்டாம். இவ்வளவு இருந்தும், முதல் முறை வெட்டுபவருக்குப் பிழை மிகக் குறைவாக வரும் கருவி இதுதான்.

ஸ்விட்ச் துளைக்கு ஸ்டெப் டிரில் பிட். பரவலாகக் கிடைக்கும் 4-20 மி.மீ. பிட்டில் படிகள் 2 மி.மீ. இடைவெளியில் ஏறும். உலோக புஷ் ஸ்விட்சுகள் 16, 19, 22 மி.மீ. அளவுகளில் வருகின்றன. ஆக 16 மி.மீ. ஸ்விட்ச் வாங்கினால் துளை அப்படியே பொருந்தும். 19 வாங்கினால் 18-இல் நிறுத்தி அரத்தால் அகலப்படுத்த வேண்டும். ஸ்விட்ச் வாங்கும்போது, அழுத்தி விட்டால் தானே வெளியே வரும் மொமென்டரி வகையைக் கேளுங்கள். அழுத்தினால் உள்ளேயே நிற்கும் லாட்சிங் வகையை மாட்டினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகி நான்கைந்து நொடியில் அணைந்துவிடும், பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்ததாக மதர்போர்டு எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சுக்குள் இருக்கும் எல்இடி 3-6 வோல்ட் வகையா என்றும் பாருங்கள். 12 வோல்ட் வகை மதர்போர்டின் பவர் எல்இடி பின்னில் ஒழுங்காக எரியாது.

ஹார்டு டிஸ்க் மாட்டும் டிரைவ் கூண்டை எடுக்க ரிவெட்டின் தலையை 3.2 மி.மீ. பிட்டால் துளைத்தால் போதும். மறுபடி பூட்ட அதே அளவு அலுமினிய ரிவெட்டும் ஒரு கை ரிவெட் கன்னும்.

விளிம்பு

இங்கேதான் பணமும் பொறுமையும் செலவாக வேண்டும். எட்டு அங்குல அரைவட்ட அரம் ஒன்று, ஊசி அரம் செட் ஒன்று. தட்டையான பக்கம் நேர்கோட்டுக்கு, வளைந்த பக்கம் ஃபேன் துளைக்கு. அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம். பின்னிழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் மழுங்கும். கோடு வந்ததும் இருபுறப் பிசிறையும் எடுத்து, 240, பிறகு 400 எண் தாள்.

வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சு இருக்காது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்த வெறும் இரும்பு சீக்கிரமே செம்மை தட்டும். ஆகவே அன்றைக்கே துத்தநாகப் பிரைமரை மெல்லிய பிரஷ்ஷால் விளிம்பில் பூசுங்கள். பீடிங் போட்டு மூடப்போகிறோமே என்று விட்டால் துரு பீடிங்குக்குள்ளேயே பரவி, ஓரத்தில் பெயின்டைத் தூக்கும். முழுப் பக்கத்துக்கும் ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் மழைநாளில் வேண்டாம். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்து மங்கும்.

ரப்பர் பீடிங் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கார் உதிரிக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு சிக்கல் உண்டு: கார்க் கதவுக்கான பீடிங், கதவின் மடித்த தடித்த விளிம்புக்கென்று செய்தது, 0.7 மி.மீ. தகட்டில் தொளதொளவென்று நிற்கும். ஒரு தகட்டுத் துண்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இணைப்பு எப்போதும் ஜன்னலின் கீழ்ப்பக்க நடுவில் வரட்டும். மூலையில் வைத்தால் பிரியும்.

ஜன்னலுக்கு 3 மி.மீ. அக்ரிலிக். இதை நீங்களே வெட்டுவதைவிட, பெயர்ப்பலகை செய்யும் கடையில் அளவு கொடுத்து லேசரில் வெட்டி வாங்குவது எல்லா வகையிலும் மேல். காஸ்ட் ஷீட் என்று கேளுங்கள். எக்ஸ்ட்ரூடட் ஷீட் சூட்டில் சீக்கிரம் இளகும், துளையிட்டால் எளிதில் விரியும். லேசர் வெட்டிய விளிம்பில் உள்ளழுத்தம் தங்கியிருப்பதால் தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக்கூடாது. பட்டால் மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். பாதுகாப்புக் காகிதத்தைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும்.

வெட்டும் முன் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஃபேன், முன்பக்க வயர் எல்லாம் கேபினெட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். இரும்புத்தூள் மின்சாரம் கடத்தும். ஒரு துகள் மதர்போர்டில் இரண்டு கால்களுக்கிடையே உட்கார்ந்தால் போதும். முடிந்ததும் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்துப் பிறகே பூட்டுங்கள். கண்ணுக்குப் பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு என்95. பார்வைக்குப் போடும் கண்ணாடி டிஸ்க் துண்டைத் தடுக்காது.

விளக்கு: முதலில் வோல்ட்டைக் கேளுங்கள்

கடையில் "ஆர்ஜிபி ஸ்ட்ரிப்" என்று மட்டும் கேட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று பொருள்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும். நான்கு பின் ஆர்ஜிபி: 12 வோல்ட், மொத்த ஸ்ட்ரிப்பும் ஒரே நேரத்தில் ஒரே நிறம். மூன்று பின் ஏஆர்ஜிபி: 5 வோல்ட், டபிள்யூஎஸ்2812பி வகை, ஒவ்வொரு எல்இடியும் தனி நிறம். மூன்றாவது, பால்ஸ் சீலிங்குக்குப் போடும் ஒற்றை நிற ஸ்ட்ரிப். அது 12 வோல்ட்டாகவும் இருக்கும், 24 வோல்ட்டாகவும் இருக்கும். 24 வோல்ட் ஸ்ட்ரிப் கம்ப்யூட்டரின் 12 வோல்ட்டில் எரியாது. ஸ்ட்ரிப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

5 வோல்ட் ஸ்ட்ரிப்பை மதர்போர்டின் 12 வோல்ட் பின்னில் செருகினால் ஸ்ட்ரிப் கருகும். ஏஆர்ஜிபி கனெக்டர் நான்கு துளை அகலம்; அதில் ஒரு துளை அடைத்திருக்கும், தவறான இடத்தில் ஏறாமல் தடுப்பதே அதன் வேலை. மலிவான கனெக்டர்களில் சிலவற்றில் அந்த அடைப்பு இருக்காது. செருகுமுன் மதர்போர்டில் 5வி என்று எழுதியிருக்கிறதா, 12வி என்று எழுதியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை: முதல் கேபினெட்டுக்கு ஒற்றை நிற 12 வோல்ட் சிஓபி ஸ்ட்ரிப். சிப்புகள் மிக நெருக்கமாக அமைந்து, மேலே பாஸ்பர் பூச்சோடு வருவதால் புள்ளி தெரியாமல் ஒரே கோடாக எரியும், டிஃப்யூசர் தேவையில்லை. 4000 கெல்வின் வெள்ளை மதர்போர்டையும் வயர்களையும் அவற்றின் நிறத்திலேயே காட்டும். 6500 நீலம் தட்டும், தூசியையும் எடுத்துக் காட்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட். மஞ்சளும் கறுப்பும் ஸ்ட்ரிப்புக்கு; மஞ்சள் வழியில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வழி பெரிய மின்னோட்டம் தரவல்லது. ஸ்ட்ரிப்பில் ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் சுதாரிப்பதற்குள் மெல்லிய வயர் உருகிவிடும்.

நிறம் மாற வேண்டும் என்பவர்கள் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். 12 வோல்ட் 5050 ஆர்ஜிபி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்இடி என்றால் 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர். மதர்போர்டு பின் பொதுவாக 3 ஆம்பியர் தாங்கும். மிட் டவர் எனப்படும் நடுத்தரக் கேபினெட்டைச் சுற்ற ஒன்றரை மீட்டர் போதும் என்பதால் கவலையில்லை. ஏஆர்ஜிபியில் ஒவ்வொரு எல்இடியும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 50 எல்இடிக்கே 3 ஆம்பியர் ஆகிவிடும். மீட்டருக்கு 144 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பை ஆசைப்பட்டு வாங்கி ஒரே பின்னில் செருகுவது தவறு. 60 உள்ளதை, ஒரு பின்னுக்கு 50 எல்இடிக்கு மேல் போகாமல் வாங்கி, பால் வெள்ளை மூடியுள்ள அலுமினியச் சேனலில் வையுங்கள். மூடிக்கும் எல்இடிக்கும் இடைவெளி கூடக் கூடப் புள்ளி மறையும். எல்இடிகளுக்கிடையே உள்ள 17 மி.மீ. அளவுக்கு ஆழம் கிடைத்தால் நன்றாகக் கலக்கும்.

நீளமான 5 வோல்ட் ஸ்ட்ரிப்பின் கடைசியில் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் எல்இடி கெட்டதாக நினைக்க வேண்டாம். வழியில் வோல்ட் இறங்கிவிட்டது. நீலமும் பச்சையும் சிவப்பைவிட அதிக வோல்ட் கேட்பவை, அவைதான் முதலில் மங்கும். மறுமுனையிலும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்தால் சரியாகும். ஒரு புள்ளிக்குப் பிறகு எல்லாமே அணைந்திருந்தால் அந்த இடத்து எல்இடியோ அதற்கு முந்தையதோ போயிருக்கும், டேட்டா ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறித்தான் போகிறது. ஆரம்பத்திலிருந்தே எரியவில்லையென்றால் அம்புக்குறியைப் பாருங்கள். தலைகீழாக இணைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இணைப்புக்குக் கிளிப் கனெக்டரைவிட சால்டரிங் மேல். கிளிப்பின் பிடி கேபினெட் சூட்டில் தளரும். 25 வாட் சோல்ட்ரான் சால்டரிங் அயன், 60/40 ஈயம், கொஞ்சம் ஃபிளக்ஸ், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போதும். ஸ்ட்ரிப்பின் செம்புப் புள்ளியில் மூன்று நொடிக்கு மேல் சூடு வைத்தால் செம்பு உரிந்துவரும். ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து (அக்ரிலிக்கில் படாமல்) பிறகு ஒட்டுங்கள். ஸ்ட்ரிப்போடு வரும் பசை நம் கோடையில் நிற்காது. 3எம் விஎச்பி என்ற இருபக்க ஒட்டு டேப் நிற்கும். இடம் எது என்றால், ஜன்னல் பக்கச் சட்டத்தின் உள்விளிம்பு, மேலேயும் முன்னேயும், எல்இடி உள்நோக்கிப் பார்க்கும்படி. உட்காரும் இடத்திலிருந்து எல்இடி கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும்.

எச்61 போன்ற பழைய மதர்போர்டுகளில் விளக்குக்கான பின்னே கிடையாது. அவற்றுக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் சேட்டா பவர் கனெக்டரில் செருகும், ரிமோட்டோடு வரும் கன்ட்ரோலர் வாங்கலாம். சேட்டா கனெக்டரில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 4.5 ஆம்பியர்தான் எல்லை. ஃபேன்களையும் விளக்குகளையும் ஒரே கனெக்டரிலிருந்து பிரித்து எடுக்காதீர்கள். மோலெக்ஸிலிருந்து சேட்டாவுக்கு மாற்றும் வயர் வாங்கினால், வயரைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையை ஒதுக்குங்கள். உள்ளே கம்பிகள் விலகி ஷார்ட்டாகித் தீப்பிடித்த சம்பவங்கள் அந்த வகையில் உண்டு. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு வயரும் தனித்தனியாகக் கவ்வப்பட்டிருப்பது தெரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.